ஆலயத்திலிருந்து தெருவுக்கு: நிறப் பிரிவினைக்கு எதிரான அறப்போராட்டத்துக்கு ஒரு சபை ஆயத்தமாவது எப்படி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1955க்கும் 1963க்கும் இடையே நடந்த நிறப் பிரிவினை (பொது இடங்களில் கருப்பினத்தவரை வெள்ளையரிடமிருந்து பிரித்து ஒதுக்கிய முறை) எதிர்ப்புப் போராட்டங்கள் என்றதும் ஊர்வலங்களும் பேருரைகளும் நாய்களை ஏவிய காவலர்களுமே நினைவுக்கு வருகின்றனர். அந்த ஊர்வலங்கள் புறப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஆலயங்களின் நிலவறைகளில் நடந்த பயிற்சியையும், சமையற்கட்டுகளில் நடந்த நிதி திரட்டலையும், இரவெல்லாம் ஓடிய சைக்ளோஸ்டைல் இயந்திரத்தையும் அறிந்தவர்கள் குறைவு. மாண்ட்கோமரி, நாஷ்வில், பர்மிங்காம் ஆகிய மூன்று நகரங்களின் கருப்பினச் சபைகள் கடைப்பிடித்த முறைகளை, இத்தகைய அநீதியை எதிர்கொள்ளும் எந்தச் சபையும் குழுவும் பின்பற்றத்தக்க வழிகாட்டியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தையும் பொறுப்பாளர்களையும் தேர்ந்தெடுங்கள். அன்றைய தென் மாநிலங்களில் கருப்பின மக்களுக்கு முழுவதும் சொந்தமாக இருந்த பெரிய கட்டடம் பெரும்பாலும் ஆலயம் ஒன்றுதான். பள்ளி ஆசிரியரின் சம்பளம் அரசின் கையில் இருந்தது, வீட்டு வேலை செய்தவரின் கூலி வெள்ளை முதலாளியின் கையில் இருந்தது. போதகருக்கோ சபையாரின் காணிக்கையிலிருந்தே சம்பளம் வந்ததால், அவரை எளிதில் வேலையைவிட்டு நீக்கி மிரட்ட முடியவில்லை. ஆகவே, வெளியார் பூட்ட முடியாத கூடம் எது, வெளியார் பறிக்க முடியாத வருமானம் யாருக்கு இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே தலைமையை முடிவு செய்யுங்கள். எல்லாச் சபைகளும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பர்மிங்காமில் போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் 1956இல் இயக்கத்தைத் தொடங்கியபோதும், மாண்ட்கோமரிப் போராட்டத்தை வழிநடத்திய போதகர் மார்ட்டின் லூதர் கிங் 1963இல் அங்கே வந்தபோதும், கருப்பினப் போதகர்களிலேயே பலர் தயங்கினார்கள். உறுதியான இரண்டு மூன்று சபைகள் இருந்தால் தொடங்கலாம்.

அடுத்து உண்மைகளைத் திரட்டுங்கள். கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அறப்போராட்டத்துக்கு நான்கு படிகளைக் குறிப்பிடுகிறார்: அநீதி உண்மையிலேயே நடக்கிறதா என்று தகவல் சேகரித்தல், பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளுதல், நேரடி நடவடிக்கை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. நாஷ்வில் மாணவர்கள் 1960 பிப்ரவரியில் உள்ளிருப்புப் போராட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே, 1959 நவம்பரிலும் டிசம்பரிலும் சிறு குழுக்களாக இரண்டு பெரிய கடைகளுக்குச் சென்றார்கள். பொருள் வாங்கியபின் கடைக்குள் இருந்த சிற்றுண்டிப் பிரிவில் அமர்ந்து உணவு கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் மேலாளரைச் சந்தித்துக் காரணத்தை மரியாதையோடு விசாரித்துவிட்டு எழுந்து வந்தார்கள். மோதலுக்கு இடமில்லாத அந்தச் சோதனையில் எந்தக் கடை மறுக்கிறது, யார் முடிவெடுக்கிறார் என்பவை தெளிவாயின. பொருள் விற்கும்போது வாங்கிக்கொள்ளும் காசை உணவுக்கு வாங்க மறுக்கிறார்கள் என்னும் முரண்பாட்டையும் அவர்கள் நேரில் கண்டார்கள். நீங்களும் சென்ற நாள், இடம், கிடைத்த பதில் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று இந்தப் படியைத் தாண்டிவிட்டால், பின்னர் பேச்சுவார்த்தை மேசையில் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

கோரிக்கையைச் சுருக்கமாக எழுதுங்கள். மாண்ட்கோமரியில் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தபோது முதலில் கேட்டவை மூன்றே: ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும், கருப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் வந்த வரிசைப்படி அமர வேண்டும், கருப்பினத்தவர் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கருப்பின ஓட்டுநர்களை நியமிக்க வேண்டும். பிரிவினையை முற்றாக ஒழிக்கக்கூடக் கேட்காத இந்த எளிய கோரிக்கையையே நகர நிர்வாகம் மறுத்தது. அதன் பிறகுதான், 1956 பிப்ரவரியில், பேருந்துகளில் பிரிவினையே சட்ட விரோதம் என்று வழக்குத் தொடுத்தார்கள். தெருவில் புறக்கணிப்பும் நீதிமன்றத்தில் வழக்கும் சேர்ந்து நடந்தமையால்தான் வெற்றி கிட்டியது என்பது என் துணிபு. வழக்கறிஞரைத் தொடக்கத்திலேயே உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியே இந்த வேலையின் உயிர்நாடி. நாஷ்விலில் அதை நடத்தியவர் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜேம்ஸ் லாசன். கொரியப் போரின் காலத்தில் படையில் சேர மறுத்துச் சிறை சென்ற அவர், பின்னர் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபடி காந்தியின் சத்தியாக்கிரகத்தை ஆழ்ந்து கற்றார். தென்னாப்பிரிக்காவில் தில்லையாடி வள்ளியம்மை உள்ளிட்ட தமிழர்கள் சிறை சென்று வளர்த்த அந்த முறை, இவ்வாறு இந்தியா வழியாக டென்னசி மாநிலத்தின் ஒரு ஆலய நிலவறையை எட்டியது. கிளார்க் நினைவு மெதடிஸ்ட் ஆலயத்தில் கூடிய மாணவர்களுள் டயான் நாஷ், ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல், பெர்னார்ட் லஃபாயெட் ஆகியோர் இருந்தனர்.

அங்கே நடந்த ஒத்திகையை நீங்கள் அப்படியே செய்து பார்க்கலாம். நாற்காலிகளைக் கடையின் சிற்றுண்டிப் பிரிவுபோல ஒரே வரிசையில் போடுங்கள். சிலர் அமர்ந்து புத்தகம் படிக்கட்டும். மற்றவர்கள் அவர்களைத் தாக்க வரும் கும்பலாக நடிக்கட்டும். கும்பல் காதருகே இழிசொல் பேச வேண்டும், முகத்தில் புகையை ஊத வேண்டும், நாற்காலியைத் தட்டிவிட வேண்டும். அமர்ந்திருப்பவர் பதிலுக்குக் கை ஓங்காமல், தாக்குபவரின் கண்ணை நேராகப் பார்க்கப் பழக வேண்டும். தரையில் விழுந்தால் முழங்காலை வயிற்றோடு மடக்கி, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் மீது அடி தொடர்ந்து விழுமானால், அருகிலிருப்பவர் எதிர்த்துத் தாக்காமல் தம் உடலைக் குறுக்கே நுழைத்து அந்த அடியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ‘எந்த நொடியில் கோபம் பொங்கியது?’ என்று வாய்விட்டுப் பேசச் செய்யுங்கள். பிறகு பாத்திரங்களை மாற்றுங்கள். அடிப்பவராக நடித்தவருக்குத் தம்முள்ளும் வெறுப்பு எவ்வளவு எளிதில் மூள்கிறது என்பது புரிந்துவிடும். அந்தப் புரிதல் இல்லாமல் எதிரியை நேசி என்னும் போதனை வாயளவிலேயே நின்றுவிடும்.

ஒத்திகையில் தம்மைக் கட்டுப்படுத்த முடியாதவர்களைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். அதற்காக அவர்களை இழந்துவிடவும் வேண்டாம். பர்மிங்காமில் ஒவ்வொரு தொண்டரும் பத்துக் கட்டளைகள் அடங்கிய உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இயேசுவின் வாழ்வைத் தினமும் தியானிப்பது, இயக்கம் நாடுவது வெற்றியை அன்று, நீதியையும் ஒப்புரவையுமே என்று மறவாதிருப்பது, கையாலும் நாவாலும் உள்ளத்தாலும் வன்முறை செய்யாதிருப்பது, ஊர்வலத்தில் தலைவரின் சொற்படி நடப்பது ஆகியவை அதில் இருந்தன. அதே அட்டையில், ஊர்வலம் தவிர வேறு என்ன செய்ய இயலும் என்ற கேள்வியும் இருந்தது: கார் ஓட்டுவது, சமைப்பது, தட்டச்சு செய்வது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, துண்டறிக்கை கொடுப்பது. முன்கோபி ஒருவர் நல்ல ஓட்டுநராக இருக்கலாம். நீங்கள் தயாரிக்கும் அட்டையிலும் இந்த இரண்டாம் பகுதி கட்டாயம் இருக்கட்டும்.

களத்துக்கான விதிகள் தனியே, சுருக்கமாக வேண்டும். நாஷ்வில் மாணவர்கள் கையில் வைத்திருந்த விதிகளைப் பாருங்கள்: திட்டினாலும் அடித்தாலும் திருப்பிச் செய்யாதே, உரக்கச் சிரிக்காதே, தலைவர் சொல்லும்வரை இடத்தைவிட்டு எழாதே, கடை வாசலையோ நடைவழியையோ மறிக்காதே, நிமிர்ந்து அமர்ந்து முன்னே பார், விசாரிப்பவரைத் தலைவரிடம் பணிவோடு அனுப்பு. எல்லாமே உடலால் செய்யக்கூடிய, மற்றவர் கண்ணால் சரிபார்க்கக்கூடிய செயல்கள். ‘அமைதி காக்கவும்’ என்று மட்டும் எழுதினால், பதற்ற வேளையில் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள்.

இனி அன்றாட ஏற்பாடுகள். மாண்ட்கோமரியில் பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று கைதானதும், கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் அன்றிரவே பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். டிசம்பர் 5 அன்று பேருந்துகள் கருப்பினப் பயணிகள் ஏறக்குறைய யாருமின்றி ஓடின. ஒரு நாள் புறக்கணிப்புக்குத் துண்டறிக்கை போதும். அது 381 நாள் நீண்டபோது தேவைப்பட்டது போக்குவரத்து. 1953இல் பேட்டன் ரூஜ் நகரில் இத்தகைய புறக்கணிப்பை நடத்திய போதகர் டி. ஜே. ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் ஆலோசனை கேட்டு, சுமார் 300 கார்கள் கொண்ட பகிர்வுப் பயண முறையை அமைத்தார். பின்னர் வாங்கிய பெரிய வண்டிகளைச் சபைகளின் பெயரில் பதிவு செய்தார்கள். உள்ளூர்க் காப்பீடு ரத்து செய்யப்பட்டபோது லண்டனின் லாயிட்ஸ் மூலம் காப்பீடு பெற்றார்கள். ஆகவே, நாள் குறிப்பதற்கு முன்பு, இந்தச் சேவையை மக்கள் துறந்தால் அவர்கள் வேலைக்குப் போவது எப்படி, சாப்பிடுவது எப்படி என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள்.

பணத்துக்கு ஜார்ஜியா கில்மோர் காட்டிய வழியை எண்ணிப் பாருங்கள். சமையல் வேலை செய்துவந்த அவர், சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழிக்கறியும் செய்து விற்று, வந்த பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதவர் சங்கம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம். வரவு செலவு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆனால் பலவீனமான நிலையில் இருக்கும் நன்கொடையாளரின் பெயரைக் காப்பதும் உங்கள் கடமை.

வாரத்துக்கு இரு முறை கூட்டம் நடத்துங்கள். மாண்ட்கோமரியில் திங்களும் வியாழனும் வெவ்வேறு ஆலயங்களில் கூடியதால் சுமை ஒரே சபைமீது விழவில்லை. படித்தவர்களின் சபையும் உழைப்பாளிகளின் சபையும் ஒன்றாகக் கலந்தன. பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு ஆகியவற்றுடன் அந்த வாரத்தின் செய்தி, காணிக்கை, அடுத்த நாளுக்கான அறிவிப்பு அனைத்தும் அங்கேயே நடந்தன. வதந்தியைத் தடுப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

காலத்தைப் பொருளாதாரக் கண்ணோடு தேர்ந்தெடுங்கள். நாஷ்விலிலும் பர்மிங்காமிலும் ஈஸ்டர் கால வணிகத்தைக் குறிவைத்தே புறக்கணித்தார்கள். புத்தாடை வாங்காமல் பழைய உடையிலேயே பண்டிகைக்கு வருவது வழிபாட்டோடு இசைந்த தியாகமாகவும் வணிகர்களின் கல்லாவை நேரடியாகத் தொடும் செயலாகவும் அமைந்தது. கைதானால் அபராதம் கட்டாமல் சிறை செல்வதா என்பதைக் களத்தில் முடிவு செய்யாதீர்கள். முன்கூட்டியே, குடும்பத்தாரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். நாஷ்வில் மாணவர்கள் சிறையைத் தேர்ந்தார்கள். ஒரு குழு கைதானதும் அடுத்த குழு வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது. 1960 ஏப்ரல் 19 அன்று அவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகர மன்றத்துக்கு நடந்தார்கள். நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது சரியா என்று டயான் நாஷ் மேயரிடம் கேட்டார். சரியன்று என்று அவர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகள் தம் சிற்றுண்டிப் பிரிவுகளைக் கருப்பினத்தவருக்கும் திறந்தன. அந்த ஒற்றைக் கேள்வி முன்பே தயாராக இருந்த மனத்திலிருந்து வந்தது.

சிறுவர்களைச் சேர்ப்பது குறித்து என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். 1963 மே 2 அன்று பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் ஆலயத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் அணி அணியாகப் புறப்பட்டதும், மறுநாள் அவர்கள்மீது தீயணைப்புக் குழாய்களால் தண்ணீர் பீய்ச்சப்பட்டதும் உலகத்தின் மனசாட்சியைத் தட்டின. மே 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும், பெற்றோரின் சம்மதமும் முழுமையான பயிற்சியும் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

மறுபக்கத்துச் சபைகளிடமும் பேசுங்கள். கிங்கின் சிறைக் கடிதம் ஆளுநருக்கோ காவல் தலைவருக்கோ எழுதப்பட்டது அன்று. பொறுமை காக்கச் சொல்லி அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதத் தலைவர்களுக்கு எழுதப்பட்டது. மாண்ட்கோமரியில் வெளிப்படையாகப் புறக்கணிப்பை ஆதரித்த வெள்ளைப் போதகர் லூத்தரன் சபையின் ராபர்ட் கிரேட்ஸ். அவர் வீட்டிலும் குண்டு வெடித்தது. அத்தகைய ஒருவர் கிடைத்தாலும் அவருக்குத் துணை நில்லுங்கள். மற்ற வெள்ளையரின் ஆலயங்களுக்கு ஞாயிறு ஆராதனை நேரத்தில் வழிபட வந்தவர்களாகவே செல்லுங்கள். அட்லாண்டா மாணவர்கள் 1960இல் அவ்வாறே சென்றார்கள்.

வெற்றிக்குப் பிறகான நாட்களுக்கும் திட்டம் வேண்டும். பேருந்தில் பிரிவினை நீங்குமுன்பே மாண்ட்கோமரி ஆலயங்களில் நாற்காலிகளைப் பேருந்துபோல அடுக்கி, ஏறுவதையும் அமர்வதையும் ஒத்திகை பார்த்தார்கள். வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் அமர வேண்டாம், அமரும்போது அனுமதி கேட்கவும், பெருமை பேச வேண்டாம் என்று அறிவுரை அச்சிட்டுக் கொடுத்தார்கள். முதல் சில நாட்களுக்கு ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு போதகர்களை நியமித்தார்கள். அப்படியிருந்தும் 1957 ஜனவரியில் நான்கு ஆலயங்களில் குண்டு வெடித்தது. பர்மிங்காம் உடன்பாட்டுக்கு நான்கு மாதங்களுக்குப் பின், 1963 செப்டம்பர் 15 அன்று பதினாறாவது தெரு ஆலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளின் உயிரைக் குடித்தது. எனவே உடன்பாடு கையெழுத்தானதும் காவல் முறையைக் கலைத்துவிடாதீர்கள். ஆலயத்தின் இரவுக் காவல், போதகர் வீட்டுக் காவல், பிள்ளைகள் கூடும் அறைகளைத் திறக்குமுன் சோதித்தல் ஆகிய மூன்றுக்கும் பெயர்ப்பட்டியல் தயாரித்து, மிரட்டல் ஓய்ந்துவிட்டது என்று சபை ஒருமனதாக முடிவு செய்யும்வரை வாரந்தோறும் புதுப்பித்து வாருங்கள்.