பிள்ளை வளர்க்கும் வீட்டில் கலைக்கும் ஓர் இடம்: திருகோணமலைத் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம் ஏன் எழுதுவதை விட்டீர்கள், ஏன் வீணையைத் தொடுவதில்லை என்று கேட்டால், பெரும்பாலும் நேரமில்லை என்ற பதிலே வரும். அது பாதி உண்மை. நாள் முழுவதும் கால் மணி, அரை மணி என நேரம் சிதறிக் கிடக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குள் தன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற உறுதிதான் அவளுக்கு இல்லை. ஆகவே மணிக்கூட்டைப் பார்த்து அட்டவணை போடுவதற்கு முன்னர், நீங்கள் செய்யும் கலையையே கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கும்படி சொல்வேன். அதில் எந்தக் கூறு இடையில் விட்டாலும் கெடாது, எந்தக் கூறு விட்டால் கெடும் என்று தெரிந்துவிட்டால், மீதி ஒழுங்குகளைச் செய்வது அவ்வளவு கடினமல்ல.

பனையோலை வேலையை எடுத்துக்கொள்வோம். மூதூர், சம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அது தாய்வழி வந்த கைவேலை. பனையின் இளங்குருத்தான சார்வோலையை ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் வார்ந்துகொண்டிருக்கும்போது குழந்தை அழுதால், கத்தியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்தாலும் ஓலை அப்படியே இருக்கும். கடகம் என்னும் ஓலைப்பெட்டியின் அடியைத் தொடங்கும்போது அப்படிப் போக முடியாது. எத்தனை ஓலை குறுக்கே போயிற்று, எந்த ஓலையில் மூலை மடிய வேண்டும் என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் எழுந்து போனவருக்கு, திரும்பி வந்து எல்லாவற்றையும் அவிழ்ப்பதுதான் வேலையாக இருக்கும். மூலைகள் மடிந்து பக்கங்கள் மேலெழும்பிவிட்டால் கை தானாக ஓடும். அப்போது பக்கத்து வீட்டு மச்சாளோடு கதைத்துக்கொண்டே இழைக்கலாம், இடையில் எழும்ப வேண்டி வந்தால் ஈரத்துணியால் மூடிவிட்டுப் போகலாம். சாயம் காய்ச்சுவது இவை இரண்டிலும் சேராத தனி வகை. கொதிக்கும் பானை அடுப்பில் இருக்கும்போது தவழும் பிள்ளை அந்த வளவிலேயே இருக்கக்கூடாது. வேறொருவர் பிள்ளையை வெளியே கொண்டுபோயிருக்கும் நாளில் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

எல்லாக் கலைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. கதை எழுதுபவருக்கு முதற்படி எழுதும் நேரம் கலையக்கூடாதது. திருத்தப்படி எழுதுவதும், தட்டச்சு செய்வதும், எழுத்துப்பிழை பார்ப்பதும் எங்கே விட்டாலும் தொடரக்கூடியவை. தையலில் துணி வெட்டுவதற்குத் தனிமை வேண்டும். ஓரம் மடித்துத் தைப்பதையும் பொத்தான் வைப்பதையும் பாடசாலை வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போதும் செய்யலாம். நீர்வர்ணத்தில் ஆகாயத்தைப் பூசத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் காய்ந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். பென்சிலால் வரையும் கோட்டுப்படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பாடுபவர்கள் சரளி வரிசையைச் சமையலறையிலேயே பாடிக்கொள்ளலாம், புதிய கீர்த்தனையைப் பாடம் பண்ண மட்டும் கதவைச் சாத்த வேண்டும். ஒரு கொப்பியில் நடுவே கோடு போட்டு, உங்கள் கலையின் படிகளில் இடையில் விடக்கூடியவற்றை ஒரு பக்கமும், விட முடியாதவற்றை மறு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். விட முடியாத பக்கத்தில் இருப்பவை நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

நாளில் எந்த மணி

இனித்தான் மணிக்கூடு. எங்கள் பாடசாலைகள் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகின்றன; முன்பள்ளிப் பிள்ளைகள் மதியத்துக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளை அனுப்பியதும் நாம் முதலில் எடுப்பது விளக்குமாறு. வீட்டைக் கூட்டி, உடுப்புத் தோய்த்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது முன்பள்ளி விடும் நேரம் வந்துவிடும். இந்த வரிசையை மாற்றுங்கள் என்பதே நான் தரக்கூடிய ஆலோசனைகளில் முக்கியமானது. கூட்டுவதையும் தோய்ப்பதையும் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதும் செய்யலாம், நாலு வயதுப் பிள்ளை கூடவே நின்று காற்சட்டைகளைக் கொடியில் போடவும் செய்யும். கதையின் முதற்படியை அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுத முடியாது. பிள்ளை இல்லாத நேரத்தின் முதல் ஒரு மணியை விட முடியாத வேலைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்குமாற்றைத் தொடுங்கள். கூட்டாத வீட்டில் உட்கார்ந்து எழுதுவது தொடக்கத்தில் உடம்பெல்லாம் கூசும். பெண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். அந்தக் கூச்சம் சில வாரங்களில் போய்விடும்.

இந்த ஒரு மணியை வைப்பதில் இன்னுமொரு சிக்கல் இருக்கிறது. கரையோரத் தெருக்களில் மீன்காரர் காலையிலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். சூடையோ பாரையோ வாங்கிவிட்டால் இந்த வெயிலில் அதைப் பிறகு பார்க்கலாம் என்று வைக்க முடியாது, உடனே வெட்டிக் கழுவ வேண்டும், அத்தோடு கையும் மணக்கும், மனமும் சமையலுக்குப் போய்விடும். உங்கள் தெருவுக்கு அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதை அறிந்து, ஒன்றில் அதற்கு முன்னர் ஒரு மணி நேரத்தை முடித்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த நாட்களில் மரக்கறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய விடயமாகத் தோன்றினாலும் பல காலைகள் இதனால்தான் கைவிட்டுப் போகின்றன.

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் காலத்தில் மத்தியானத்துக்குப் பின் மூளை வேலை செய்யாது, அந்நேரத்தில் பிள்ளையோடு சேர்ந்து தூங்குவதே நல்லது. விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய்க்கு அது பொருந்தும். சுபஹ் பாங்கோடு எழுந்து, தெரு விழிப்பதற்குள் இரண்டு பக்கம் எழுதிவிடுபவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரவில் மூன்று தடவை எழுந்து பாலூட்டும் தாய்க்கு அதே ஆலோசனையைச் சொல்வது அநியாயம். கைக்குழந்தை இருக்கும் முதல் ஆண்டில் சேகரிப்பது மட்டும் போதும். தோன்றுவதைக் கைத்தொலைபேசியில் குரலாகப் பதிந்து வையுங்கள். தேங்காய் துருவும்போதும் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும்போதும் இதைச் செய்யலாம். பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளத்தைப் பாலூட்டும் நேரத்தில் ஒற்றைக் கையால் வாசிக்கலாம். பிள்ளை பிறந்தபின் எதிலும் பற்றில்லாமை, காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை ஆகியன இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், கலையை விட்டதால் வந்த கவலை என்று நீங்களே முடிவுகட்டாமல், வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். அது மருந்தாலும் ஆதரவாலும் குணப்படக்கூடிய நோயாக இருக்கலாம்.

வீட்டாரிடம் சொல்லுதல்

எத்தனை நல்ல ஒழுங்கும் வீட்டாருக்குத் தெரியாமல் நிலைக்காது. ஒளித்துச் செய்யப்படும் வேலையை எவரும் மதிக்கமாட்டார்கள், ஏனெனில் அப்படி ஒன்று நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. பொதுவாக, நேரம் கிடைத்தால் எழுதலாம் என்றிருக்கிறேன் என்ற தோரணையில் பேச்சைத் தொடங்குகிறோம். அதற்குப் பதிலாக நாளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள்: "மாமி, செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலிலிருந்து அஞ்சு மட்டும் நான் உள்ளறையில எழுதப்போறன். அந்த நேரம் பிள்ளையை நீங்கள் பாருங்கோ. வெள்ளிக்கிழமை நீங்கள் காளிகோயிலுக்குப் போக நான் தேத்தண்ணியும் வைச்சு வீட்டையும் பார்த்துக்கொள்ளுறன்." இப்படிக் கேட்டால் மாமிக்கும் ஒரு நேரம் உறுதியாகிறது. தன் காலத்தில் தனக்கென ஒரு மணி நேரம் கேட்க வாய்க்காத பெண், மருமகள் கேட்கும்போது முகம் சுளித்தாலும், தனக்கும் ஒன்று கிடைக்கிறதென்றால் இணங்குவதையே அதிகம் கண்டிருக்கிறேன்.

கணவரோடு பேசும்போது அவருடைய தொழிலின் போக்கையும் கணக்கில் எடுங்கள். துறைமுகத்தில் முறை மாறி வேலை செய்பவரையோ கடலுக்குப் போகிறவரையோ மட்டும் நம்பி வைத்த நேரம் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். அவர் வீட்டிலிருக்கும் நாளை மேலதிகமாகக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு, அடிப்படை நேரத்தை அவர் இல்லாமலும் நடக்கும்படி வையுங்கள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் கணவர் எந்நேரமும் அழைக்கக்கூடும் என்று தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கும் பெண்கள் பலர். அழைப்புக்கும் ஒரு மணியைப் பேசி வைத்துக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. மாமியோ அம்மாவோ அருகில் இல்லாதவர்கள், ஒரே ஒழுங்கையில் அதே வயதுப் பிள்ளையுள்ள இன்னொரு தாயோடு மாற்றுமுறை வைத்துக்கொள்ளலாம்: திங்கட்கிழமை அவருடைய பிள்ளை உங்கள் வீட்டில், புதன்கிழமை உங்கள் பிள்ளை அவருடைய வீட்டில்.

பிள்ளைகளிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருத்தி, வெட்டி எறிந்த ஓலைத்துண்டையோ வர்ணப்பென்சிலையோ கொடுத்தால் கால் மணி நேரம் அமைதி கிடைக்கும், பெரும்பாலும் அதற்குமேல் இல்லை. பாசிமணி, ஊசி, பொத்தான் போன்றவை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டவே கூடாது.

இடமும் பருவமும்

தனி அறை இல்லாதவர்களுக்கு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். அதற்குள் உங்கள் வேலைக்குரிய எல்லாமும் இருக்க வேண்டும். பேனாவைத் தேடியே அரை மணி நேரத்தில் பாதியைத் தொலைப்பவர்களை அறிவேன். ஒவ்வொரு முறையும் எழும்புவதற்கு முன் அடுத்ததாகச் செய்ய வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேலே வையுங்கள். "கமலா கடிதத்தைப் பிரிக்கிறாள், உள்ளே படம்" என்பது போன்ற ஒரு வரி இருந்தால், மூன்று நாள் கழித்து வந்தாலும் யோசித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ஐப்பசி முதல் தை வரையான மாரி இங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஓலையும் கடதாசியும் பூஞ்சணம் பிடிக்கும், வர்ணம் காய மறுக்கும், டிசம்பர் விடுமுறையோடு பிள்ளைகளும் வீட்டுக்குள் அடைபடுவார்கள். அந்த மாதங்களுக்குத் திருத்தம், வாசிப்பு, கைத்தையல் போன்ற விடக்கூடிய வேலைகளை ஒதுக்கி, மாசி முதல் ஆடி வரையான வெயில் காலத்துக்குப் பெரிய வேலைகளை வையுங்கள். ஓலையை மாரிக்கு முன்னரே நன்றாக உலர்த்தி நிலத்தில் படாமல் கட்டித் தூக்கிவிட வேண்டும். நவராத்திரிக் கும்பங்கள் வெளிக்கிடும் இரவுகளிலும், நோன்பு மாதத்தில் ஸஹர் சமையலும் இஃப்தார் சமையலும் நாளைப் புரட்டிப்போடும்போதும் வேலை நடக்காது. அவற்றை முன்கூட்டியே கழித்துவிட்டால் பின்தங்கிவிட்டோம் என்ற குறையும் இராது.

விற்பதும் அனுப்புவதும்

கைவேலை கொஞ்சம் நன்றாக வந்ததுமே இதை விற்கலாமே என்று சுற்றத்தார் தொடங்குவார்கள். ஓடர் எடுத்த நாளிலிருந்து உங்கள் ஒரு மணி நேரம் வாடிக்கையாளருடையதாகிவிடும் என்பதை அறிந்து முடிவெடுங்கள். பணம் தேவைப்படும் வீடு என்றால் அதில் தவறே இல்லை, ஆனால் ஓலைக்கும் சாயத்துக்கும் செலவானதோடு உங்கள் உழைப்பு நேரத்தையும் கணக்கெழுதி விலை சொல்லுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. அவர்களுக்கு விற்கும் பொருளைச் சித்திரைக்கு முன்னரே இழைத்து முடிக்க வேண்டும். கடைகள் விற்றபின் காசு என்ற முறையில் எடுத்தால், எத்தனை பொருள், என்ன விலை என்பதை இரு படிகளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சொந்தப் பெயரில் சிறு வியாபாரமாக நடத்த விரும்பினால் வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

எழுதுபவர்களும் அதே செயலகத்துக்குப் போக வேண்டும். பட்டினமும் சூழலும், மூதூர், கிண்ணியா என எந்தப் பிரிவில் இருந்தாலும், அங்குள்ள கலாசார உத்தியோகத்தரிடம் இலக்கியப் போட்டிகளின் திறந்த பிரிவு பற்றிக் கேளுங்கள். கவிதை, சிறுகதை போன்றவற்றுக்கு முடிவுத் திகதியோடு அறிவித்தல் வரும்போது, முடிவுத் திகதி ஒன்று இருப்பதே வீட்டாரிடம் நேரம் கேட்க நல்ல காரணமாகும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உங்கள் ஆக்கத்தின் பதிப்புரிமை அதை எழுதிய கணத்திலிருந்தே, எந்தப் பதிவும் இல்லாமல், உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆயினும் கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று இருந்தால் அதைத் தபாலில் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிட்டு, திகதியிட்ட நகலை மட்டும் அனுப்புங்கள்.