கட்டற்ற மென்பொருள் குழுக்களுடன் நிறுவனங்கள் இணங்கிப் பணியாற்ற

யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தன் தேவைக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தும் நிறுவனம், அந்தத் திருத்தங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அவற்றை மீண்டும் பொருத்திப் பார்க்கும் வேலை வளர்ந்துகொண்டே போகும்; ஆகவே அவற்றை அந்த மென்பொருளை உருவாக்கும் குழுவின் மூலத் திட்டத்திலேயே சேர்ப்பதைத் தாராளம் என்பதைவிடச் சிக்கனம் என்றே சொல்ல வேண்டும். அனுப்பும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆறு மாதம் உள்ளுக்குள் எழுதிய பத்தாயிரம் வரிகளை ஒரே மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால், அதைப் படித்துச் சரிபார்க்க யாருக்கும் நேரமிராது. எழுதத் தொடங்கும் முன்பே எண்ணத்தைப் பொதுவில் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். பிறகு ஒரு திருத்தத்தில் ஒரே மாற்றம், அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இரண்டு மூன்று வரி விளக்கம் என்று அனுப்புங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்ற வரியில் அனுப்புபவரின் பெயர் இருக்க வேண்டும். அந்த நிரலை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் தரும் உறுதி அது என்பதால், நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைப்பது நல்லது.

மாற்றிப் பகிர்பவரும் அதே உரிமைகளைப் பிறருக்குத் தர வேண்டும் என்று கோரும் ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலைக் கொண்ட பொருளை விற்றால், அந்த நிரலின் மூல வடிவத்தையும் வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்வது கட்டாயம்.

2014இல் ஹார்ட்பிளீடு என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோதுதான், அந்தப் பிழை இருந்த, இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்பது பலருக்கும் தெரிந்தது. உங்கள் தொழில் நம்பியிருக்கும் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அல்லது உங்கள் பொறியாளர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளை, அலுவலக நேரத்திலேயே, அதற்கென்று கொடுங்கள்.