டைட்டிலில் கீவேர்டு: எங்கே தவறுகிறோம்?

கோவையில் கிரைண்டர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "கூகுள்ல நம்ம கடை வரவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். தளத்தைத் திறந்தேன். பிரவுசர் டேபில் தெரியும் டைட்டில் இதுதான்: "கிரைண்டர், வெட் கிரைண்டர், கோவை கிரைண்டர், பெஸ்ட் கிரைண்டர், கிரைண்டர் விலை". உள்ளே இருந்த எல்லாப் பக்கங்களுக்கும் அதே வரி.

ஒரே கீவேர்டை, அதாவது மக்கள் தேடும் சொல்லை, ஐந்து முறை அடுக்கினால் ஐந்து மடங்கு பலன் வராது. இப்படித் திணிக்க வேண்டாம் என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. டைட்டில் சரியில்லை என்று பட்டால், பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தலைப்பு போன்ற ஒன்றை எடுத்துத் தேடல் முடிவில் அதுவே காட்டிவிடும். 2021 ஆகஸ்டில் இதற்குப் புதிய முறையையே கொண்டுவந்தது. அப்புறம் எந்த வரி தெரியும் என்பது நம் கையில் இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் என்றாலும் இதே கதிதான்.

எனக்கு இவற்றையெல்லாம் விட அதிகம் உறுத்துவது, மக்கள் புழங்காத சொல். நண்பர் தளத்தில் "பராமரிப்புச் சேவைகள்" என்று ஒரு பக்கம். படித்துப் பார்த்தால், தேய்ந்த கல்லைக் கொத்தித் தருவது, பெல்ட் மாற்றுவது. மாவு நைசாக அரைபடாமல் தவிக்கிறவர் "பராமரிப்புச் சேவை" என்றா தேடுவார்? "கிரைண்டர் கல் கொத்த" என்றுதான் தட்டுவார். அந்தப் பக்கத்துக்கு "கிரைண்டர் கல் கொத்துதல், பெல்ட் மாற்றுதல் – கோவை" என்று டைட்டில் வைத்து, கடைப் பெயரைக் கடைசியில் சேர்த்தோம். இந்தச் சொற்களை எங்கே பிடிப்பது? கடைக்குப் போன் செய்கிறவர்கள் வாயைத் திறந்ததும் என்ன கேட்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியையும் பாருங்கள். எந்தச் சொல்லைத் தட்டியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, அதைத் தமிழில் தட்டினார்களா ஆங்கில எழுத்தில் தட்டினார்களா என்பது வரை அதில் இருக்கும்.

நீளத்துக்குக் கூகுள் வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் திரையில் இடம் போதாவிட்டால் வெட்டிவிடும். ணை, ஞா போன்ற தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் நமக்குச் சீக்கிரமே வெட்டு விழும். அதனால் முக்கியமான சொல் முதலிலேயே வரட்டும்.

டைட்டிலில் "விலை" என்று போட்டுவிட்டு உள்ளே "விலைக்கு அழைக்கவும்" என்று எழுதாதீர்கள். நம்பி வந்தவர் உடனே திரும்பிப் போய்விடுவார். டைட்டிலில் பழைய ஆண்டை அப்படியே விட்டுவைப்பதும் இதே மாதிரிதான். மெட்டா கீவேர்டு பெட்டியை, அதாவது பக்கத்தில் தெரியாமல் தேடுபொறிக்காகச் சொற்களை எழுதிவைக்கும் இடத்தை, நிரப்பவும் நேரம் செலவழிக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

மாற்றிய டைட்டிலைக் கூகுள் மறுபடி வந்து படிக்கச் சில நாட்கள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். நண்பர் மூன்றாம் நாளே இன்னொன்று மாற்றட்டுமா என்று கேட்டார். இந்த மாதம் முழுக்கக் கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.