ஊர் விதைத் திருவிழாவை நடத்தும் முறை

ஓர் ஊரின் விளைச்சலையும் கைத்தொழிலையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் ஆண்டு விழாவை நடத்த முன்வருவோர், வருபவர் பார்த்துவிட்டுப் போவதா, எடுத்துப்போய் விதைப்பதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய நெல் திருவிழா இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அங்கே நடைமுறை. இந்த ஏற்பாடு இருந்தால் விழா தானே வளரும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அது ஒரு நாள் வேடிக்கைதான்.

நாள் குறிப்பதில் பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, பார்க்க வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்து, நெல் காய்ந்து, ஆடிப் பட்டத்திற்கு நிலம் தயாராகும் முன் வரும் வைகாசி மாதமே வசதியானது. புது நெல்லுக்குச் சில வாரங்கள் விதை உறக்கம், அதாவது ஈரம் பட்டாலும் முளைக்காத நிலை, உண்டு என்பதால், அறுத்த கையோடு விழா வைத்தால் முளைப்புச் சோதனை பொய்யான விடை தரும்.

விதை சேர்க்கும் வேலைதான் விழாவின் முதுகெலும்பு. குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்பே உழவர்களிடம் மாதிரி வாங்கி, நெல்மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். நசுங்காமல் 'கடக்' என்று முறிந்தால் காய்ச்சல் போதும். ஈரமானி கிடைத்தால் 13 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது. பிறகு பதர் நீக்கிய 100 மணிகளை, வரிசைக்குப் பத்தாக ஈரச் சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். 14 நாள்களுக்குள் வேரும் குருத்தும் நேராக விட்டவை 80-க்குக் குறைந்தால் அந்த மூட்டையைக் காட்சிக்கு மட்டும் வையுங்கள், விநியோகிக்காதீர்கள். தந்தவர் மனம் வருந்துவார்தான். ஆனால் முளைக்காத விதை ஒரு குடும்பத்தின் ஒரு போகத்தையே விழுங்கிவிடும்.

காய்கறி விதையில் கவனம் வேறு வகையானது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் இனம் எளிதில் கெடாது. பூசணியும் பீர்க்கும் தேனீயை நம்பி வாழ்பவை. பக்கத்துத் தோட்டத்தில் அதே இனத்தின் வேறு ரகம் பூத்திருந்தால் விதை கலந்துவிடும். ஆகவே, விதைக்கென்று விடும் பெண் பூவை மலர்வதற்கு முன்பே துணிப் பையால் மூடி, மலர்ந்ததும் அதே ரகத்தின் ஆண் பூவைக் கொண்டு கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி மூடி அடையாளக் கயிறு கட்டியவரின் விதையை மட்டும் பரிமாற்றத்துக்கு ஏற்பது நல்லது. பூசணி விடியலில் மலரும், சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும் என்பதை நினைவில் வைத்தால் வேலை எளிது.

காட்சியில் ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு கதிர்க் கட்டு, ஒரு தட்டில் நெல், இன்னொன்றில் அரிசி என மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். கருப்புக் கவுனியின் அரிசியைக் காட்டாமல் பெருமை பேசிப் பயனில்லை. அட்டையில் பெயரோடு வயது, பட்டம், உயரம், சாயுமா, மேட்டு நிலத்துக்கா பள்ளத்துக்கா என்பவையும் இடம்பெற வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா ஏறத்தாழ 160 நாள் நின்று ஆளுயரம் வளர்வது, பூங்கார் ஏறத்தாழ 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு விழாவுக்கு வரமாட்டார்.

கைத்தொழிலுக்குத் தனி வரிசை ஒதுக்கி, பொருளை விட வேலையைக் காட்டச் சொல்லுங்கள். கோரைப் பாய் நெய்பவர் தறியோடு வரட்டும். பனையோலைப் பெட்டி முடைபவர் ஈரத் துணியில் ஓலையைச் சுற்றி வைத்துக்கொண்டு முடையட்டும். குயவருக்குச் சக்கரம் வைக்க மண் தரையும் தண்ணீரும் நிழலும் முன்கூட்டியே வேண்டும். விலையை எழுதி வைத்துவிட்டால், அரை நாள் உழைத்துச் செய்த பொருளுக்குப் பேரம் பேசும் சங்கடம் இருபுறமும் குறையும். மேடையை, பேச்சாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், இந்த வரிசைகளிலிருந்து தள்ளியே அமையுங்கள். ஒலிபெருக்கிக்கு நடுவே யாரும் விதை விவரம் கேட்க முடியாது.

சட்டத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டம், தாம் விளைவித்த விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது.

விநியோக மேசையில் கையெழுத்து தெளிவான ஒருவரை அமர்த்தி, பெற்றவர் பெயர், ஊர், ரகம், அளவு, தந்தவர் யார் என்பவற்றை நோட்டில் எழுதச் செய்யுங்கள். சாக்குப் பையின் வாயில் மட்டுமின்றி உள்ளேயும் ரகத்தின் பெயர்ச் சீட்டைப் போட வேண்டும். வெளிச் சீட்டு வீட்டுக்குப் போவதற்குள் கிழிந்துவிடும். அதே நோட்டைக் கொண்டு தை மாதத்தில் ஒவ்வொருவரையும் விசாரித்து, வயலில் கலப்புக் கதிர் தெரிந்தால் அறுவடைக்கு முன்பே பிடுங்கச் சொல்லி, திரும்பி வரும் நெல்லை ரகம் வாரியாகப் பிரித்து வாங்கி வைக்க வேண்டும்.