பெயரைக் கடைசியில் தேடலாம்: ஆட்டிசம் உள்ளவர்கள் தம் உணர்ச்சிகளை அறிந்துகொள்ள ஒரு வழிமுறை

“இப்போது மனசுக்கு எப்படி இருக்கிறது?” என்று யாராவது கேட்டால், ஆட்டிசம் உள்ள பலருக்கு உடனே பதில் சொல்ல வருவதில்லை. உள்ளே ஏதோ நடக்கிறது என்பது தெரிகிறது; ஆனால் அது கோபமா, பயமா, வெறும் களைப்பா என்று பிரித்தறிய முடிவதில்லை. இந்த நிலையை அலெக்ஸிதைமியா என்கிறார்கள். மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு அப்பெயரைச் சூட்டினார். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது இருப்பதாகவும், மற்றவர்களில் இருபதில் ஒருவருக்கே இருப்பதாகவும் 2019-இல் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே, ஆட்டிசம் இருந்தாலே உணர்ச்சிகளை அறிய முடியாது என்று கொள்வது தவறு. உங்களுக்கு இச்சிக்கல் இல்லையென்றால் இவ்வழிமுறையும் தேவைப்படாது.

உணர்ச்சிகளைக் கற்பிக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் சிரிப்பு, அழுகை, கோபம் காட்டும் முகப் படங்களை முன்னால் வைத்து, “இவற்றில் எது நீங்கள்?” என்று கேட்கிறார்கள். என் பார்வையில் இது தலைகீழான முறை. பெயர் கடைசியில் கிடைக்க வேண்டியது. உடலில் என்ன மாறியிருக்கிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இப்போது என்ன செய்யத் தோன்றுகிறது என்ற மூன்றையும் முதலில் சேகரித்துவிட்டால், பெயர் தானாகவே அகப்படுவதுண்டு. அகப்படாவிட்டாலும் அடுத்து என்ன செய்யலாம் என்பதாவது தெளிவாகிவிடும்.

உடலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இதயத் துடிப்பு, பசி, தாகம், தசை இறுக்கம் போன்ற உள் சமிக்ஞைகளை மூளை தொடர்ந்து கவனித்து வருகிறது. உணர்ச்சியின் மூலப்பொருளில் பெரும்பகுதி இதுதான். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு இச்சமிக்ஞைகள் மங்கலாகவும், சிலருக்கு ஒன்றோடொன்று கலந்து பேரிரைச்சலாகவும் வந்து சேர்கின்றன. எனவே, மனநிலை சரியில்லை என்று தோன்றும்போதெல்லாம் உடல் தேவைகளை முதலில் சரிபாருங்கள்: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், தண்ணீர் குடித்தீர்கள், கழிப்பறைக்குச் சென்றீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், அறையில் வெளிச்சமோ சத்தமோ கூடுதலாக இருக்கிறதா, சட்டையின் கழுத்துப் பட்டை உறுத்துகிறதா. காரணமே தெரியாத எரிச்சல் ஒரு வேளை உணவுக்குப் பிறகு மறைந்துவிட்டால், அது பசி. உடல் தானாக நினைவூட்டாவிட்டால் அலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அதன் பிறகும் ஏதோ மிச்சமிருந்தால் எழுதுங்கள். நீளமான நாட்குறிப்பு தேவையில்லை, ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: “மாலை 4 மணி. தாடை இறுகியிருக்கிறது. தோள்கள் உயர்ந்திருக்கின்றன. அலுவலகக் கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. கூட்டத்தில் நான் பேசியதை ஒருவர் இடைமறித்தார். அவருக்குப் பதில் கடிதம் எழுதத் தோன்றுகிறது.” இதில் உணர்ச்சியின் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் தாடை இறுக்கம், இடைமறித்த நிகழ்வு, எதிர்த்துப் பதில் சொல்லும் உந்துதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும் எவரும் இதைக் கோபம் என்பார்கள். அதே தாடை இறுக்கத்தோடு, அந்த அறைக்குள் மறுபடி நுழையவே கூடாது என்ற எண்ணம் இருந்திருந்தால் அது பயத்துக்கு நெருக்கமானது. யார் கண்ணிலும் படாமல் மறைந்துகொள்ளத் தோன்றியிருந்தால் அவமான உணர்வாக இருக்கக்கூடும். படபடக்கும் நெஞ்சு அச்சத்திலும் வரும், உற்சாகத்திலும் வரும், காபி குடித்த பின்னும் வரும் என்பதால், உடல் குறியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்கு முன் நடந்ததும், அப்போது எழும் உந்துதலும்தான் அதைத் தெளிவாக்குகின்றன.

பின்லாந்து ஆய்வாளர்கள் வெவ்வேறு உணர்ச்சிகள் உடலில் எங்கே உணரப்படுகின்றன என்று பலரை வண்ணம் தீட்டச் சொல்லி வரைபடங்கள் தயாரித்தார்கள். கோபம் கைகளிலும் மார்பிலும் கிளர்ச்சியாகவும், துயரம் கைகால்கள் சோர்வதாகவும் அவற்றில் தென்பட்டது. அவை சராசரிகள்தாம். உங்கள் கோபம் வயிற்றில் தொடங்கலாம். சில வாரப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கான வரைபடம் கிடைக்கும். மற்றவர்களுடையதைவிட அதையே நம்புங்கள்.

துல்லியமான பெயர் வராதபோது, இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்: உடலில் வேகம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இது இதமாக இருக்கிறதா, இல்லையா? உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1980-இல் முன்வைத்த உணர்ச்சிக் கோட்பாடு இவ்விரு அளவுகோல்களையே அடிப்படையாகக் கொண்டது. வேகம் கூடி இதமும் இல்லையென்றால் அமைதியான இடமோ, வேக நடையோ உதவக்கூடும். உணர்ச்சியின் தீவிரத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிடச் சொன்னால் திணறுபவர்கள் நிறங்களையோ, தாமே உருவாக்கிய சொற்களையோ பயன்படுத்தலாம்.

தாமதம் இயல்பானது. காலையில் நடந்த ஒன்றின் வலி இரவிலோ, இரண்டு நாள் கழித்தோ வந்து சேர்வதுண்டு. அதனால் உடனடிப் பதில் கேட்பவர்களிடம், “எனக்கு யோசிக்க நேரம் வேண்டும், நாளை சொல்கிறேன்” என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கொந்தளிப்பின் உச்சத்திலோ, பேச்சே நின்றுபோன நிலையிலோ உணர்ச்சியை ஆராயவே வேண்டாம். அப்போது பாதுகாப்பும் அமைதியும் போதும். ஒலிகள் கூர்மையாகக் கேட்பது, சொற்கள் தடைபடுவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது போன்றவை இந்நிலைக்கு முன்னறிகுறிகளாக இருக்கலாம். நீங்கள் அறிவதற்கு முன்பே அவற்றைக் கவனித்திருக்கக்கூடிய நெருங்கியவர் ஒருவரிடம் பிற்பாடு கேட்டு எழுதி வையுங்கள்.

மற்றவர்களின் உணர்ச்சியை அறியும் சிக்கலை உங்கள் குறையாக மட்டும் கருத வேண்டாம். ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பதை, 2012-இல் சமூகவியலாளர் டேமியன் மில்டன் இருபக்கப் புரிதல் சிக்கலாக விளக்கினார். முகத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட, “என்மேல் வருத்தமா, அல்லது களைப்பாக இருக்கிறீர்களா?” என்று நேராகக் கேட்பதே மேல்.

மருத்துவரிடம் செல்லும்போது இப்பதிவுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். “சோகமாக இருக்கிறீர்களா?” என்ற கேள்விக்கு நீங்கள் உண்மையாகவே “இல்லை” என்று சொல்லிவிட்டால், மனச்சோர்வோ பதற்றமோ கண்டறியப்படாமலே போகக்கூடும். மாறாக, தூக்கம் கெட்டது, சாப்பாடு குறைந்தது, பிடித்த வேலையில் கை வைக்காமல் வாரங்கள் கடந்தது ஆகியவற்றைத் தேதிகளோடு காட்டினால் அவர் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.