ஹே ஷோ வு: நரைக்குக் கிழங்கு தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

நரை கருக்கும் என்று கேள்விப்பட்டு ஹே ஷோ வு கிழங்கைத் தேடிப் போகிறவர்கள் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். முன்னால் போனவர்கள் விழுந்த அதே பள்ளம். கர்ப்பிணிகள் தவிர்க்கவும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பதெல்லாம் எந்தப் பொட்டலத்திலும் அச்சடித்திருக்கும். அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

நம் சுக்கான் கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீனக் கொடியின் வேர்க்கிழங்கு இது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இலை வாடிய பிறகு தோண்டுகிறார்கள். குவாங்டாங் மாகாணத்தின் தெச்சிங் பகுதிச் சரக்குக்குத் தனி மதிப்பு உண்டு.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

‘பாய் ஷோ வு’ என்றால் வெள்ளை ஷோ வு. பெயரில்தான் உறவு, செடி எருக்கின் குடும்பம். கொரியாவில் இந்த வெள்ளை வகைக்குள்ளேயே குழப்பம் உண்டு. அங்கே ‘பெக்சுஓ’ என்று விற்ற பல பொருட்களில் அதே பேரினத்தின் வேறொரு செடி கலந்திருந்தது 2015-இல் வெளிவந்து பெரிய விவகாரமானது.

அமெரிக்கச் சந்தையில் ‘ஃபோ-டி’ என்ற பெயர் ஓடுகிறது. சீனத்தில் இந்தக் கிழங்குக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. சிவப்பு ஃபோ-டி என்றால் பதப்படுத்தியது, வெள்ளை ஃபோ-டி என்றால் பச்சைக் கிழங்கு. இந்த ‘வெள்ளை’ வேறு, மேலே சொன்ன வெள்ளை ஷோ வு வேறு. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கொடியிலேயே காய்போலக் கிழங்கு பிடிக்கும் ஒரு வள்ளி இனத்தின் கிழங்கும் இதன் பெயரில் கலப்படமாக வருகிறது. ஷோ வு போலவே அதுவும் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: அசல் கிழங்கின் குறுக்குவெட்டில், தோலை ஒட்டி 4 முதல் 11 வரை சிறு வட்டங்கள் வளையமாக நிற்கும். சீனர்கள் அதை மேகப்பட்டுக் கோலம் என்கிறார்கள்.

மனித உருவக் கிழங்கு

மனித உருவில் ஷோ வு என்று விற்பது அச்சுக்குள் வைத்து வளர்த்த வேறு ஏதோ கிழங்கு. வாங்காதீர்கள்.

பச்சையும் பதப்படுத்தியதும் ஒன்றென்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது.

ஒரே கிழங்குதான், ஆனால் சீன மருத்துவத்தில் இரண்டு மருந்து. பச்சையாகக் காயவைத்தது ‘ஷெங்’. அது மலமிளக்கி; புண், கட்டி போன்றவற்றுக்கும் கொடுத்தார்கள். முடிக்கும் உடல் தேற்றத்துக்கும் உரியது ‘ஜி’ என்ற முன்னொட்டோடு வரும், பதப்படுத்திய சரக்கு. நம் சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாத சரக்கை மருந்தில் சேர்ப்பதில்லை அல்லவா, ஏறக்குறைய அதே கதை. ஆனால் கடையில் கிடைக்கும் பல பொட்டலங்களில் வெறுமனே ‘ஹே ஷோ வு பொடி’ என்றுதான் இருக்கும். வாங்குகிறவர் பச்சைப் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, வயிறு கலங்கிப் போவதை ‘கழிவு வெளியேறுகிறது’ என்று சந்தோஷப்படுகிறார். வெளியேற்றுவது கிழங்கிலுள்ள ஆந்த்ராகுவினோன்கள். நிலாவரைக்குப் பேதி வருவதும் அந்த வகைப் பொருளால்தான்.

விவரம் தெரிந்தவர்கள் செய்வது இன்னொரு வகை. பச்சைக் கிழங்கை வாங்கி, கறுப்பு பீன்ஸோடு குக்கரில் நாலு விசில் வைத்து ‘பதப்படுத்திவிட்டோம்’ என்கிறார்கள். சீன அரசு வெளியிடும் மருந்துநூலின் முறை என்ன என்று பார்க்கலாம். 100 கிலோ கிழங்குக்கு 10 கிலோ கறுப்பு சோயா. அந்தச் சோயாவைத் தண்ணீரில் சுமார் 4 மணி நேரம் கொதிக்கவைத்து 15 கிலோ சாறு. சக்கையை மறுபடி 3 மணி நேரம் கொதிக்கவைத்து இன்னொரு 10 கிலோ. இந்த 25 கிலோ சாற்றைத் துண்டங்களில் பிசறி, இரும்பல்லாத பாத்திரத்தில் சாறு முழுவதும் உள்ளே இறங்கும்வரை வேகவைக்க வேண்டும். அல்லது சாற்றில் ஊறவைத்து ஆவியில் அவிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிப்பது கடிகாரமில்லை, நிறம். உள்ளும் புறமும் ஒரே கரும்பழுப்பாக வந்தால்தான் முடிந்தது. பழைய வழக்கத்தில் ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் காயவைத்தார்கள். நாலு விசிலில் வேகுவது மாவு மட்டும்.

ஆகவே பொடி வேண்டாம், துண்டமாக வாங்குங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நன்றாகப் பதப்பட்டது உள்ளேயும் கறுத்து, கொம்பை உடைத்தது போல இறுகிப் பளபளக்கும். மேலே கறுத்து நடுவில் வெளிறிய மாவு தெரிந்தால் அரைகுறை, இல்லையென்றால் சாயம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர நீங்காது. பதப்படுத்திய சரக்கைச் சாப்பிட்டவர்களுக்கும் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. ‘சுத்தி செய்தாயிற்று, இனி எவ்வளவு நாளும் சாப்பிடலாம்’ என்ற தைரியம்தான் பலரை மருத்துவமனைக்கு அனுப்புகிறது.

புராணத்தை மருந்துச்சீட்டாக வாசிப்பது

சீனாவின் தாங் அரசர்கள் காலத்தில் லி ஆவ் என்ற எழுத்தாளர் எழுதிவைத்த கதையில், பிள்ளையில்லாத ஒரு கிழவர் கிழங்கைப் பொடித்து மதுவில் கலந்து குடித்துப் பிள்ளை பெறுகிறார். பேரன் ஹே ஷோ வு கருத்த முடியோடு 130 வயது வாழ்கிறான். அழகான கதை. அதை நம்பி பச்சைக் கிழங்கைச் சாராயத்தில் ஊறப்போடுகிறவர்கள், கல்லீரல் மேல் இரண்டு சுமையை ஒன்றாக ஏற்றுகிறார்கள். நரை கருக்கும் என்பதற்கு மனிதரிடம் உறுதியான சான்று இன்றுவரை இல்லை.

கேப்சூல் கணக்கு

சீன மருந்துநூல் சொல்வது நாளைக்குப் பச்சை 3–6 கிராம், பதப்படுத்தியது 6–12 கிராம். அது வைத்தியர் பார்த்துக் கொடுக்கும் கஷாயத்துக்கு. கஷாயத்தில் சக்கையை எறிந்துவிடுகிறோம், பொடியில் முழுவதையும் விழுங்குகிறோம். தானாக வாங்கிச் சாப்பிடும் சத்துப்பொருட்களுக்குச் சீன அரசு 2014-இல் வைத்த உச்சவரம்பு பச்சை 1.5 கிராம், பதப்படுத்தியது 3 கிராம்.

இப்போது டப்பாவைப் பாருங்கள். ‘10:1 எக்ஸ்ட்ராக்ட், 500 மி.கி.’ என்றால் ஒரு கேப்சூல் 5 கிராம் கிழங்குக்குச் சமம். காலை இரண்டு, இரவு இரண்டு: 20 கிராம்.

இரும்புச் சட்டி

கிழங்கை வேகவைக்கவோ காய்ச்சவோ இது வேண்டாம். மண்சட்டி, பீங்கான் போதும்.

கூட்டு மருந்தில் கவனம் தவறுவது

முடிக்கென்று விற்கும் ‘ச்சி பாவ் மெய் ரான்’ என்ற ஏழு சரக்கு மாத்திரையில் ஷோ வுடன் நம் கார்போகரிசியும் இருக்கிறது. அதற்கும் கல்லீரல் பாதிப்புப் பதிவுகள் உண்டு. காசநோய் மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள், அடிக்கடி பாரசிட்டமால் போடுகிறவர்கள் இந்தக் கிழங்கின் பக்கமே போகக்கூடாது. மஞ்சள் காமாலை வந்து தேறியவர்களும் அப்படியே.

நிறுத்திய பிறகு மறுபடி தொடங்குவது

கல்லீரல் பாதிப்பு முதல் நாளே வராது. பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, மூன்று மாதத்துக்குள் தெரியும். யாருக்கு வரும் என்பது பரம்பரையையும் பொறுத்தது: எச்.எல்.ஏ-பி*35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம் என்று 2019-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் ‘என் அக்கா ஒரு வருஷம் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை’ என்பது உங்களுக்கு உதவாது. தொடங்குமுன் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் சாப்பிடாதீர்கள்.

பசி மந்தம், காரணமில்லாத அசதி, உடம்பு அரிப்பு, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தேறியதும் ‘அது ஏதோ வைரஸ்’ என்று மறுபடி தொடங்குகிறவர்களுக்கு இரண்டாம் முறை விரைவாகவும் கடுமையாகவும் வருகிறது.

மருத்துவர் ‘வேறு மாத்திரை ஏதாவது?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை, மூலிகைதான்’ என்று முடித்துவிடாமல், டப்பாவையே எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். மிச்சமிருக்கும் துண்டம் ஒன்றிரண்டையும் கூடவே.