கிராம்பு முதல் கருப்பட்டி வரை: எச்.பி.எல்.சி.க்குக் குழலும் டிடெக்டரும் தேர்ந்தெடுப்பது

எச்.பி.எல்.சி. என்பது, மாதிரியை உயர் அழுத்தத்தில் ஓடும் திரவத்தோடு ஒரு குழல் (column) வழியே தள்ளி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து, முனையில் உள்ள டிடெக்டரால் அளக்கும் கருவி. மாறாமலைக் கிராம்பில், அதற்கு மணம் தரும் யூஜெனாலையும் காலிக் அமிலத்தையும் அதில் ஒரே ஓட்டத்தில் அளக்க முயன்று, இரண்டு வாரம் திணறினேன். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டக் கிராம்பு அது. அளவைத் தப்பாகச் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் மூலக்கூறைத் தாளில் வரையுங்கள். பென்சீன் வளையம் இருக்கிறதா? அப்படியானால், பொருள் புறஊதா ஒளியை உறிஞ்சுவதை அளக்கும் யூ.வி. டிடெக்டர் போதும். ஒளியின் அலைநீளம் யூஜெனாலுக்கு 280 நானோமீட்டர், காலிக் அமிலத்துக்கு 271. வாங்கும் வசதி இருந்தால், பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் பி.டி.ஏ. டிடெக்டர்தான் வாங்குங்கள். ஒரு பீக்குக்குள் (ஒரு பொருள் வெளிவரும்போது வரைபடத்தில் எழும் முகடு) இன்னொன்று ஒளிந்திருப்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து குழல். 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம், 5 மைக்ரான் துகள் கொண்ட சி18-இல் (தண்ணீரோடு ஒட்டாத பொருள்களைப் பிடித்துவைக்கும் குழல் வகை) தொடங்குங்கள். யூஜெனால் அதில் அழகாக நிற்கும்.

சிக்கியது காலிக் அமிலத்தில்தான். மெத்தனாலும் வெறும் தண்ணீரும் ஓட்டினேன். நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் இந்தக் குழலின் வெற்று நேரம், அதாவது குழல் பிடிக்காத பொருள் வெளியே வரும் நேரம், சுமார் 1.5 நிமிடம், காலிக் அமிலமும் அப்போதே மற்றவற்றோடு கலந்து வெளியே வந்துவிட்டது. குழல் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். குழல் நன்றாகத்தான் இருந்தது. அமிலம் அயனியாகிவிட்டால் சி18 அதைப் பிடித்து வைக்காது. தண்ணீரில் 0.1 சதவீதம் பார்மிக் அமிலம் சேர்த்தேன், பி.எச். 2.7 அளவுக்கு இறங்கியதும் பிடிப்பு வந்தது. மெத்தனாலை 5 சதவீதத்தில் தொடங்கி, காலிக் அமிலம் வந்தபிறகே ஏற்றினேன். இவ்வளவு தண்ணீரைச் சில சாதாரண சி18 தாங்காது. நீர் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறமும் பீக் இரண்டாகப் பிளந்தது. மாதிரியைத் தனி மெத்தனாலில் கரைத்து 20 மைக்ரோலிட்டர் செலுத்தியதுதான் காரணம். தொடக்கக் கலவையிலேயே நீர்த்து, 5 மைக்ரோலிட்டராகக் குறைத்ததும் சரியானது.

கிராம்பிலுள்ள கேரியோபிலினையும் இதிலேயே பார்க்க ஆசைப்படாதீர்கள். அது ஆவியாகும் பொருள், ஆவியாக்கிப் பிரிக்கும் ஜி.சி. (வாயு குரோமட்டோகிராபி) கருவிக்குத்தான் பொருத்தம்.

பின்சேர்க்கை: கருப்பட்டியை இதே முறையில் பார்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். முடியாது. சர்க்கரைக்குப் பென்சீன் வளையம் கிடையாது, 280-இல் கண்ணுக்கே படாது. திரவத்தின் ஒளிவிலகல் மாற்றத்தை அளக்கும் ஆர்.ஐ. டிடெக்டர் வேண்டும், அதில் கலவை விகிதத்தை நடுவில் மாற்றக்கூடாது, அடிக்கோடு ஓடிவிடும். அறையின் வெப்பநிலையும் நிலையாக இருக்கவேண்டும். குழலுக்கு, 75 சதவீத அசிட்டோநைட்ரைலுடன் அமினோ வகையைப் பலர் சொல்வார்கள். குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகள் அதனோடு வினைபுரிந்து ஆயுளைக் குறைக்கும். 80 டிகிரியில் வெறும் தண்ணீரில் ஓடும் கால்சியம் வகைக் குழலே என் தேர்வு. கருவியில் குழலைச் சூடாக்கும் அடுப்பு வசதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.